மாமி வைத்த நேர்த்தி

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். மாமி சாகவில்லை. சீனி வருத்தமும் இல்லை, பிறஷரும் இல்லை, உருத்திரபுரத்தில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். ஆகவே எனக்குத் தடை ஒன்றும் இல்லை. அப்பாவின் அக்கா என்பதற்காக மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் கிடையாது.

ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது மாமியின் வாயில் வரும் வசனம், "ஆக்களுக்குத் தெரியப்படாது." எது தெரியக்கூடாது என்பதற்கு ஒரு வரைமுறையும் இருக்கவில்லை. குசினியில் என்ன கறி, அவருடைய மகளான என் மச்சாள் சோதனையில் எத்தனை பாடம் கோட்டை விட்டாள், மாமா ஏன் இரண்டு நாளாக வயலுக்குப் போகவில்லை, எல்லாமே இரகசியம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த புதிதில் எல்லாக் குடும்பத்துக்கும் நிவாரணத் தறப்பாள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர் அதில் முழ நீளத்துக்குப் பெரிய எழுத்தில் இருந்தது. மாமி மட்டும் எழுத்து உள்ளே போகும்படி புரட்டிக் கட்டுவித்தார். "நாங்கள் நிவாரணத்தில இருக்கிறம் எண்டு ரோட்டால போற ஆக்களுக்குத் தெரியப்படாது." ரோட்டால் போனவர்களும் அதே தறப்பாளுக்குக் கீழே படுத்து எழும்பிப் போனவர்கள்தான். வெயிலும் மழையும் தாங்கும் பக்கம் உள்ளே போய்விட்டதில் எங்கள் கூரை முதல் மாரிக்கே கிழிந்தது. நாங்கள் நனைந்தோம், மாமியின் மானம் நனையவில்லை.

இன்னொரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து சைவக்காரச் சொந்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். அடுப்பில் திருக்கை மீன் கறி. மாமி சாம்பிராணி கொளுத்தி வீட்டைப் புகையால் நிரப்பிவிட்டுக் கறிச்சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வந்தவர்கள் மூக்கைச் சுளித்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் பூனை ஒரு துண்டைக் கௌவிக்கொண்டு விறாந்தைக்கு வந்து அவர்களின் காலடியில் வைத்துத் தின்றது. "பக்கத்து வீட்டுப் பூனை," என்றார் மாமி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சோறே இல்லாத கோப்பையில் மறைக்கப் பார்த்தவர் மாமி.

இதுவரை சொன்னது சிரிக்கக்கூடியது. இனிச் சொல்லப் போவதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இருபத்துநாலு வயதில் எனக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி ஆள் மாறி உடம்பையே அடிக்கும் வருத்தம் அது. வந்தால் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். முதலில் மூட்டு நோவு, பிறகு கன்னங்களில் சிவப்பு, பிறகு தலைமயிர். மூட்டு நோவை மாமி பொருட்படுத்தவில்லை, அது வெளியில் தெரியாது. கன்னத்துச் சிவப்புக்குப் பவுடர் இருந்தது. தலைமயிர் கொட்டத் தொடங்கியபோதுதான் எனக்கு வருத்தம் என்பதையே அவர் ஏற்றுக்கொண்டார்.

நான் எழும்ப முந்தி எழும்பி, என் தலையணையிலும் பாயிலும் சீப்பிலும் கிணற்றடி வாய்க்காலிலும் கிடக்கும் முடியைப் பொறுக்கிச் சுருட்டி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் புதைப்பார். கோழிகள் கிளறி எடுத்தால் திரும்பவும் புதைப்பார். முதல் கிழமை அதை நான் பாசம் என்று நினைத்தேன். நான் பார்த்துக் கவலைப்படாமல் இருப்பதற்காகச் செய்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கியும் இருக்கிறேன். பிறகு ஒரு நாள் வேலியோரம் நின்று கோழிக்குக் கல்லெறிந்தபடி அவர் சொன்னது கேட்டது. "சனியன், ஒழுங்கையில கொண்டுபோய்ப் போடப் போகுது. ஆக்கள் காணப் போகினம்."

எண்ணெய் காய்ச்சினார். செவ்வரத்தம்பூ, வெந்தயம், கறிவேப்பிலை, நெல்லிக்காய். எண்ணெயில் ஒரு பிழையும் இல்லை, வீட்டுக்குள் நல்ல மணம். ஆனால் அதை என் தலையில் தேய்த்த விதம் சட்டி தேய்ப்பது போல. தலைத்தோல் ஏற்கெனவே சிவந்து எரிந்துகொண்டிருந்தது. "மாமி, நோகுது," என்றால், "நொந்தாத்தான் வேர் முழிக்கும்," என்பார். தேய்த்து முடிய இருக்கிற முடியை இழுத்து, நெற்றித் தோலே மேலே போகும்படி இறுக்கிப் பின்னுவார். ஒவ்வொரு நாளும் அவருடைய விரலிடுக்கில் இன்னொரு பிடி வந்திருக்கும்.

கிளினிக்குக்குப் போகிற நாளில் சந்தியில் பஸ் ஏறக் கூடாது, பின்தெருவால் நடந்துபோய் அடுத்த தரிப்பில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரிப்பு முந்தி இறங்க வேண்டும். கிளினிக் கொப்பிக்கு அவர் மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே அழகான எழுத்தில் 'சங்கீதம்' என்று எழுதியிருந்தார். தென்பகுதியிலிருந்து வந்து தமிழ் பழகிக்கொண்டிருந்த டொக்டர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பாட்டு நல்லமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரே சிரித்துவிட்டு, "முடிக்குப் பயம் வேண்டாம். வருத்தம் அடங்கினா முடி வரும். வெயில் கூடாது. மருந்து நிப்பாட்டக் கூடாது," என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

மிச்சத்தைச் சொல்லித் தந்தவர் அங்கே இருந்த ஒரு நேர்ஸ். அகலப் பல்லுச் சீப்பால் மெதுவாக வாரச் சொன்னார். ஈரத்தோடு வாரக் கூடாது, இழுத்துக் கட்டக் கூடாது. சிவந்த இடங்களில் களிம்பை விரல்நுனியால் ஒற்ற வேண்டும். இரத்தத்தில் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்க டொக்டர் எழுதிய துண்டையும் தந்தார். "தோல் தழும்பாய்ப் போன இடத்தில திரும்ப வராது பிள்ளை, மற்ற இடமெல்லாம் வரும். ஆனால் நாளைக்கே வரும் எண்டு கண்ணாடியைப் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. மாசக் கணக்கு." அவர் சொன்னபடிதான் இன்றைக்கும் செய்கிறேன். வலது காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் முடி இல்லை, இனி வராது. இடது பக்கம் வகிடெடுத்து வாரினால் அது மறையும். சில நாள் மறைக்கிறேன், சில நாள் மறைப்பதில்லை.

குடை விடயத்தில் மட்டும் மாமியும் ஆஸ்பத்திரியும் ஒத்துப்போனார்கள். வெயில் படாது என்பதற்காக அவர்கள் குடை பிடிக்கச் சொன்னார்கள், தலை தெரியாது என்பதற்காக மாமி சொன்னார்.

டொக்டர் தந்த குளிசையில் முகம் ஊதியதும் அந்த ஒற்றுமையும் போயிற்று. "ஆக்கள் இந்த முகத்தைக் கண்டால் என்ன நினைப்பினம்? இந்த மாசம் கிளினிக்குக்குப் போகாத," என்றார். நான் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை, குளிசையும் விட்டுப்போயிற்று. இதில் பழியை முழுவதும் அவர் தலையில் கட்ட மாட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வெட்கப்படுவதற்கு எனக்கு ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் அதை ஊதிப் பெருப்பித்துத் தந்தவர் அவர்தான்.

அவரோடு ஏன் இருந்தாய் என்று கேட்கலாம். வேறு ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே ஷெல்லில் போனார்கள். அண்ணா தண்ணீர் எடுத்துவரப் போனவன், திரும்பி வரவில்லை. யுத்தத்தின் கடைசி நாளில் நாங்கள் கடல்நீரேரியைக் கடந்தபோது, சனத்துக்குள் நான் தவறிப் போகாமல் இருக்க மாமி என் பின்னலைத் தன் கையில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கழுத்தளவு தண்ணீர். நான் இரண்டு தரம் அமிழ்ந்தேன், இரண்டு தரமும் பின்னலில் இழுத்துத் தூக்கினார். நான் உயிரோடு இருப்பது அவரால்தான். இதை எழுதாமல் விட்டால் நானும் மாமியாகிவிடுவேன். ஆனால் அது வேறு, இது வேறு. ஒன்றுக்காக மற்றதை மன்னிக்க எனக்கு முடியவில்லை.

மச்சாளுக்கு வவுனியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அன்றிலிருந்து மாமிக்கு நித்திரை இல்லை. "வீட்டில ஒரு வருத்தக்காரி இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால், ரத்தத்தில ஓடுற வருத்தம் எண்டு நினைப்பினம். என்ர பிள்ளையை ஆர் கட்டுவினம்?" மாப்பிள்ளையின் தாய் பார்க்க வந்த அன்று எனக்குக் குசினிதான் இடம். பயித்தம்பணியாரம் நான்தான் சுட்டேன். அந்த அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு முடி வந்தது. அவர் கோபிக்கவில்லை. அதைத் தூக்கிப் பிடித்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு தலையாகப் பார்த்து, குசினி வாசலில் நின்ற என் தலையில் பார்வையை நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன, முடி கொட்டுதோ?" என்றார்.

"சீச்சீ," என்றார் மாமி. "அவள் நேத்திக்கு முடி வளக்கிறாள். வாற வைகாசிப் பொங்கலுக்கு அம்மாளுக்கு இறக்கப் போறம்."

அந்த நேரத்தில் அவருடைய வாயில் வந்தது அது. ஆனால் சொல்லி முடிய அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். வந்தவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார். "வழுக்கையெண்டால் வருத்தம். மொட்டையெண்டால் நேத்தி. ஒரு குஞ்சும் ஒண்டும் கேளாது. அடர்த்தியாயும் வரும்."

"மாமி, தலையில கத்தி படக் கூடாதெண்டு நேர்ஸ் சொன்னவா. வெயிலும் கூடாது."

"அம்மாளாச்சியின்ர வாசலில அடிக்கிற கத்தியால ஒண்டும் வராது. ஆஸ்பத்திரிக்காரருக்கு என்ன தெரியும்?"

நான் ஓம் என்றேன். களைத்துப் போயிருந்தேன். தலையில் இருந்ததும் எலி கடித்த பாய் போல அங்கொன்றும் இங்கொன்றும்தான். போனால் போகட்டும் என்று இருந்தது.

வைகாசி வெயில் எப்படி என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயில் வீதியில் மொட்டையடிப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "அம்மா, பிள்ளைக்குத் தலையில புண் மாதிரிக் கிடக்கு." மாமி குனிந்து இரகசியம்போலச் சொன்னார். "பொடுகு. நீங்கள் அடியுங்கோ." அடித்தார். சந்தனம் பூசினார்கள். சந்தனம் புண்ணில் பட்டபோது வந்த எரிச்சலில் எனக்குக் கண் இருண்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆக்கள் நிறைய நின்றார்கள் என்பதற்காக, "அடியழிச்சுப்போட்டு வா," என்றார். நடுப்பகலில், கொதிக்கிற மணலில், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டபடி மூன்று சுற்று. அடியழிக்கிறவளுக்குக் குடை பிடிக்க முடியாது.

மூன்றாம் சுற்று முடியும் இடத்தில் பெண்கள் கூடி நின்றார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள். ஒருவர் மாமியிடம் கேட்டார். "ஆருக்காக வைச்ச நேத்தி?"

இதை மாமி யோசித்து வைத்திருக்கவில்லை. வருத்தம் சுகமாக என்று சொன்னால் வருத்தம் இருந்தது தெரிந்துவிடும். கலியாணத்துக்கு என்று சொன்னால், மச்சாளை விட்டுவிட்டு எனக்கு முதல் பேசுகிறார்கள் என்று கதை வரும். எங்கள் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்காத நேர்த்தி ஒன்றுதான் உண்டு. மாமி அதை எடுத்தார்.

"தமையனுக்கு," என்றார்.

எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் அண்ணாவின் பெயர் எடுபட்டதில்லை. நான் எடுத்தாலும் மாமி கதையை மாற்றிவிடுவார். இப்போது என் மொட்டைக்கு மூடியாக அவனை எடுத்துப் போட்டார்.

"நேத்தி வைக்கிறியளோ, தீர்க்கிறியளோ?" என்றார் கேட்டவர்.

"தீர்க்கிறம்," என்றார் மாமி.

பெண்கள் கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு அது உடனே விளங்கவில்லை, மணலில் குப்புறக் கிடந்தேன். மாமிக்கும் விளங்கியதோ தெரியாது. அம்மனிடம் கேட்கும்போது வைப்பது நேர்த்தி. கேட்டது கிடைத்த பிறகுதான் முடி இறக்கித் தீர்ப்பது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தமையனுக்காக வைத்த நேர்த்தியைத் தங்கச்சி தீர்க்கிறாள் என்றால், தமையன் கிடைத்துவிட்டான்.

பின்னேரத்துக்குள் அது ஊர் முழுக்கப் போயிற்று. தெற்கில் ஏதோ ஒரு சிறையில் கண்டிருக்கிறார்களாம். இல்லை, தொலைபேசி வந்ததாம். இல்லை, கடிதமாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாயில் பிழை இல்லை. உலை வைத்தவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

அடுத்த நாள் காலை முதல் ஆளாக வந்தவர் பார்வதியம்மா. எங்கள் வயலில் களை பிடுங்க வருபவர், மற்ற நாட்களில் மெஷினில் தைப்பவர். கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம். அவருடைய ஒரே மகனும் அண்ணாவும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே கிழமையில் காணாமல் போனவர்கள். வயலுக்கு வரும் நாட்களில் மாமி அவருக்குத் தேத்தண்ணியைக் குசினிப் பின்வாசலில்தான் கொடுப்பார். அன்றைக்கு அவர் முன்வாசலால் வந்தார். மாமி வேறு வழியில்லாமல் விறாந்தையில் கதிரை போட்டார்.

பார்வதியம்மா கதிரையில் இருக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, சந்தனம் காய்ந்து கிடந்த என் தலையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருப்பீங்க பிள்ளை. அண்ணங்கிட்ட கேளுங்க, எங்க பையன அங்க எங்கயாச்சும் பாத்தாரான்னு மட்டும் கேளுங்க."

நான் வாயைத் திறந்தேன். மாமி முந்திக்கொண்டார். "இப்ப ஒண்டும் கதைக்கக் கூடாது, பார்வதி. விளங்குதுதானே? வெளியில கதைக்க வேண்டாம்."

இதைவிடப் பெரிய பொய் ஒன்றை யாராலும் சொல்ல முடியாது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் மாமியின் கெட்டித்தனம். பார்வதியம்மா தலையை ஆட்டினார். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய மகனின் படத்தை எடுத்துக் கொடுத்தார். மாமி வாங்கினார். ஓம், என் கண் முன்னால் கை நீட்டி வாங்கினார்.

நானும் சொல்லவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். ஒரு வருடமாக என் தலையை யாரும் அருவருப்பில்லாமல் தொட்டதில்லை. பார்வதியம்மா தொட்டார். பிறகு வந்தவர்களும் தொட்டார்கள், சிலர் என் காலைக்கூடத் தொட்டார்கள். நாளைக்குச் சொல்லலாம், மற்ற நாள் சொல்லலாம் என்று கிடந்தேன். அந்தக் கிழமைக்குள் மாமியின் அலுமாரியில், சேலைக்குக் கீழே, காணாமல் போனவர்களின் ஏழு படங்கள் சேர்ந்துவிட்டன.

பிறகு காய்ச்சல் வந்தது. தலைத்தோல் கொப்பளித்தது, கால் வீங்கியது, சலம் நுரைத்துப் போனது. "விரதக் களை," என்று மாமி வந்தவர்களுக்குச் சொன்னார். மாமாதான் அவருடைய பேச்சைக் கேட்காமல் ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெயிலாலும் நான் விட்ட குளிசையாலும் வருத்தம் கிளம்பிச் சிறுநீரகத்தில் போய் நின்றது. வார்ட்டில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். பழைய நேர்ஸ் வந்து என் தலையைப் பார்த்துவிட்டுக் களிம்பு பூசினார். பிறகு, "ஆர் செய்தது?" என்று மட்டும் கேட்டார். "நான்தான்," என்றேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அலுமாரியைத் திறந்து படங்களை எடுத்தேன். மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க கொண்டு போறாய்?"

"குடுத்தவையிட்டக் குடுக்க. உண்மையைச் சொல்ல."

"எடி, விசரி! மச்சாளின்ர கலியாண எழுத்து வாற மாசம். உனக்கு வருத்தமெண்டு இப்ப போய்ச் சொல்லப் போறியோ? நான் அவையளுக்கு என்ன பொய் சொன்னனான்? ஒண்டும் கதைக்கக் கூடாது எண்டுதானே சொன்னனான்."

"அண்ணா எங்க, மாமி?"

அவர் வாசலை விட்டு விலகினார். வெட்கப்பட்டு விலகினார் என்று கொஞ்ச நாள் நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டு ஆள் வேலியடியில் நின்றதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

மச்சாளின் கலியாணம் குழம்பவில்லை. என் வருத்தம் தெரிந்த பிறகும் மாப்பிள்ளையின் தாய் வந்து பெண் எடுத்தார். தன்னுடைய தங்கைக்கும் இதே வருத்தம், எந்தக் கிளினிக் நல்லது என்று என்னிடம் கேட்டார். மாமி அத்தனை பேரை ஏமாற்றியது ஒன்றுக்கும் உதவாத வேலை. கலியாண வீட்டில் தூரத்துச் சொந்தம் ஒருவர் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த என் முடியைக் காட்டி, நேர்த்தி எதற்கு என்று மாமியைக் கேட்டார். "இந்தக் கலியாணத்துக்குத்தான்," என்றார் மாமி, கண்ணை வெட்டாமல். அண்ணாவை எடுத்தபோது எவ்வளவு கெதியாக எடுத்தாரோ, அவ்வளவு கெதியாகவே போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் நான் முல்லைத்தீவில் வேலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன்.

ஆனால் நான் அவரை இகழ்வது அந்தக் கலியாண வீட்டுக்காக அல்ல. படங்களைக் கொண்டுபோன காலைப்பொழுதுக்காக. ஆறு வீட்டில் கொடுத்தேன். ஏசினார்கள், அழுதார்கள், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். எல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டியவைதான். பார்வதியம்மாவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், பயத்தில்.

அவர் மெஷினில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, மெஷினில் கிடந்ததைத் தூக்கிக் காட்டினார். நீலக் கோடு போட்ட ஒரு சேர்ட்.

"அவனுக்குத்தான் தச்சேன். அளவுதான் தெரியல. போனப்ப இருந்த அளவுல வெட்டிட்டேன். இப்ப பெருத்திருப்பான், இல்ல?"

நான் குடையை மடக்கி வைத்தேன். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குனிந்து, சிவந்த இடங்களைக் காட்டினேன். எனக்கு வருத்தம் என்றும், முடி கொட்டியதை மறைக்கத்தான் மொட்டையடித்தோம் என்றும், நேர்த்தி என்று ஒன்று இருக்கவே இல்லை என்றும் சொன்னேன். நீங்கள் வந்த அன்றே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் நிமிராமலே சொன்னேன்.

அவர் சேர்ட்டைத் திரும்ப மெஷினில் வைத்தார்.

"அப்ப அண்ணன்?" என்றார்.

"தெரியாதம்மா. ஒண்டும் தெரியாது."

படத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பொலித்தீன் பையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு என் பக்கம் வந்து, நான் அவிழ்த்துப் போட்ட துணியை நிலத்திலிருந்து எடுத்து, புண்ணில் படாதபடி தளர்வாக என் தலையில் கட்டிவிட்டார். ஏசுவார் என்று காத்து நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்கு முடி வந்துரும் பிள்ளை," என்றார். "வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க."

எனக்கு முடி வந்தது.